சேப்பாக்கம் மாளிகை: வீடும் அலுவலகமும்

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை மாமல்லபுரத்திலிருந்து சில மைல் தள்ளி ஒரு பழைய வீட்டில் இருக்கிறது. கூடத்தில் கவுண்டர்கள். முற்றத்தின்மேல் தகடு போட்டு மூடி, கீழே நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருக்கிறோம். நெல் கொட்டிவைத்த அறை இப்போது பெட்டக அறை. திண்ணையில் காவலாளி. பத்து வருஷமாக இந்த வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறேன். நகைக்கடனுக்கு வரும் வயதான பெண்கள் சிலர் இன்னும் செருப்பை நிலைப்படிக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். வீட்டுக்குக் காட்டும் மரியாதை என்று முதலில் நினைத்தேன். கடன் கொடுப்பவனுக்குக் காட்டும் மரியாதை என்பது பிறகுதான் புரிந்தது. வங்கி வருவதற்கு முன்பும் அந்த வீட்டில் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வீடு அலுவலகமாவதை நாம் பொதுவாக ஒரு வீழ்ச்சியாகவே பார்க்கிறோம். மனிதர்கள் வாழ்ந்த இடத்தில் ஃபைல்கள் குவிகின்றன. அழகான வளைவுகளை மறைத்துக்கொண்டு இரும்பு அலமாரிகள் வந்து நிற்கின்றன. ஒரு காலம் போய்விட்டது என்று பெருமூச்சு விடுகிறோம். இந்தப் பெருமூச்சை நான் நம்புவதில்லை. பெரிய வீடு எதுவும் ஏதோ ஒரு கணக்கின்மேல்தான் எழுந்திருக்கிறது. அலுவலகம் அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்ததா, உள்ளேயே இருந்ததா என்ற கேள்வியைக் கேட்காமல் கட்டிடத்தின் அழகைப் பற்றிப் பேசுவது ரசனையாகலாம், சரித்திரமாகாது. இந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சென்னையில் சேப்பாக்கம் மாளிகையைவிடப் பொருத்தமான கட்டிடம் இல்லை. எங்கள் கிளை நிற்கும் மண்ணுக்கும் அந்த மாளிகைக்கும் ஒரு பழைய பத்திர உறவும் இருக்கிறது.

*

1763-ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, செங்கல்பட்டுச் சீமையை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் நடந்த யுத்தங்களில் தம்மை நவாபாக நிலைநிறுத்தியவர்களுக்கு அவர் பட்டிருந்த கடனில் இது ஒரு பகுதி. 1765-ல் பாதுஷா ஷா ஆலம் இதை உறுதிசெய்தார். மாமல்லபுரம் கடற்கரையும் பாலாற்றங்கரைக் கிராமங்களும் இப்படித்தான் கம்பெனியின் கைக்குப் போயின. கொடுத்த நிலத்தையே நவாப் கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்து 1780 வரை வைத்திருந்தார். தன் நிலத்துக்குத் தானே குத்தகைதாரன் ஆவது நம் விவசாயிகளுக்குப் புதிய அனுபவமல்ல. ஒரு நவாபுக்கும் அது நேர்ந்தது என்பதுதான் விசேஷம்.

நிலத்தை எழுதிக் கொடுத்து ஐந்து வருஷத்தில், 1768-ல், அவருடைய மாளிகை சேப்பாக்கத்தில் எழுந்தது. ஆற்காட்டு நவாப் ஆற்காட்டை விட்டுச் சென்னைக்கு ஏன் வரவேண்டும்? பாதுகாப்பு என்று சொல்வார்கள். முதலில் கோட்டைக்கு உள்ளேயே வீடு கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார், அது நடக்கவில்லை. ஆகவே கோட்டைக்குத் தெற்கே, கூவத்தைத் தாண்டி, கடலைப் பார்த்த வெளியில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை மதில் கட்டி வளைத்துக்கொண்டார். கோட்டைப் பீரங்கிகள் பார்த்துக்கொண்டிருக்கும் இடம். பாதுகாப்பும் காவலும் ஒன்றாகிவிடும் இடம் என்றும் சொல்லலாம்.

கட்டிடம் இரண்டு பகுதிகளாக அமைந்தது. கலஸ் மஹால் இரண்டு தளம் கொண்டது. ஹுமாயூன் மஹாலில் திவான் கானா என்ற தர்பார்க் கூடம் இருந்தது. பலவிதழ் வளைவுகள், சிறு கும்மட்டங்கள், மூலைகளில் மெல்லிய ஸ்தூபிகள். இந்த வடிவங்களை வைத்துத்தான் இதை ‘இந்தோ-சாரசெனிக்’ பாணியின் முதல் கட்டிடம் என்று புத்தகங்கள் பெருமைப்படுத்துகின்றன. அந்தப் பெயர் கட்டிடம் எழுந்து நூறு வருஷம் கழித்து வந்த பெயர். 1768-ல் யாரும் ஒரு பாணியைத் தொடங்கிவைக்கவில்லை. ஒரு முஸ்லிம் அரசர் தம் குலத்துக்கு உகந்த முகத்தோடு ஒரு வீடு கேட்டார்; கட்டத் தெரிந்த ஐரோப்பியர் ஒருவர் கட்டிக் கொடுத்தார்.

முகத்தை விட்டு உடம்பைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மாமல்லபுரத்துக்காரனுக்கு முதலில் உறைப்பது, இங்கே கல் பேசவில்லை என்பது. செங்கல், சுண்ணாம்பு, தேக்கு. கூரை, நாம் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் வகை: தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் செங்கல்லை மூலைவாட்டில் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, கடைசியாகத் தட்டோடு பாவுவது. சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. நீற்றி, அரைத்து, பல பூச்சாகப் பூசிக் கூழாங்கல்லால் தேய்த்தால் பளிங்கு மாதிரி மின்னும். அக்காலத்தில் சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்கள். பளிங்கை வாங்கக் காசில்லாத இடத்தில் பளிங்கின் தோற்றத்தைக் கொடுக்கத் தெரிந்த கொத்தர்களின் சாமர்த்தியம் இது. அவர்கள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கட்டியவர் என்று மரபாகச் சொல்லப்படும் பெயர் வேறு: பால் பென்ஃபீல்ட்.

*

பென்ஃபீல்ட் 1764-ல் கம்பெனியின் எஞ்சினியராகச் சென்னைக்கு வந்தவர். சொற்பச் சம்பளம். கோட்டை வேலை, கருப்பர் நகர மதில் வேலை என்று கான்ட்ராக்ட் எடுத்தார். அந்தக் காசை வட்டிக்கு விட்டார். அவரிடம் வாங்கியவர்களில் முதன்மையானவர் நவாப். அவர் மட்டுமல்ல; கம்பெனி உத்தியோகஸ்தர்களில் பலர் நவாபுக்குக் கடன் கொடுத்திருந்தார்கள். கம்பெனிக்குக் கட்டவேண்டிய யுத்தச் செலவுக்காக நவாப் கம்பெனி ஊழியர்களிடமே கடன் வாங்கினார். வட்டி ஆரம்பத்தில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து, அதற்கும் மேல். ஜாமீன், கிராமங்களின் நிலவரி. சில சமயம் வயலில் நிற்கும் பயிர். நகைக்கடன், பயிர்க்கடன் படிவங்களை நாள்தோறும் நிரப்புகிறவனுக்கு இந்த ஏற்பாட்டின் நுட்பம் உடனே விளங்கும். கடன் வாங்குபவர் ஒருவர். திருப்பிக் கட்டுபவர் ஆயிரக்கணக்கான வேறு பேர். அவர்கள் கையெழுத்து எந்தப் பத்திரத்திலும் இல்லை.

இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். 1773-ல் நவாப் கம்பெனியின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்துக்கொண்டார். லண்டனிலிருந்து வந்த உத்தரவுப்படி 1776-ல் கவர்னர் பிகட் அதை மராட்டிய அரசர் துளஜாஜியிடம் திருப்பிக் கொடுத்தார். உடனே பென்ஃபீல்ட், தஞ்சை வருமானத்தின்மீதும் விளைச்சலின்மீதும் தமக்கு இரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரம் பவுன் பாக்கி இருப்பதாக உரிமை கோரினார். பிகட் ஒப்புக்கொள்ளவில்லை. கவுன்சிலில் பெரும்பான்மையினர் சேர்ந்து, 1776 ஆகஸ்ட் 24-ந் தேதி, கவர்னரையே கைதுசெய்தார்கள். அடுத்த மே மாதத்தில் அவர் காவலிலேயே இறந்துபோனார். ஒரு கடன் பாக்கிக்காக ஓர் அரசாங்கம் கவிழ்ந்தது.

பி.ஏ. வகுப்பில் எட்மண்ட் பர்க்கை நடை அழகுக்காகப் படித்தோம். நீண்ட வாக்கியத்தை எப்படித் தாங்கி நிறுத்துகிறார் என்று ஆசிரியர் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினார். அந்த வாக்கியங்கள் எந்த மண்ணைப் பற்றியவை என்று யாரும் சொல்லவில்லை. 1785 பிப்ரவரி 28-ந் தேதி ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பார்லிமெண்டில் பர்க் பேசினார். விசாரணை இல்லாமலே அந்தக் கடன்களைக் கர்நாடக வருமானத்திலிருந்து தீர்த்துவிடுவது என்று பிட் மந்திரிசபை எடுத்த முடிவை எதிர்த்த பேச்சு. அதில் பென்ஃபீல்ட் பெயர் சொல்லித் தாக்கப்படுகிறார். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. கம்பெனியின் சர்வேயர் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரை அளந்து ஒரு படம் போட்டிருந்தார். பர்க் அந்தப் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு அதிலுள்ள ஏரிகளை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். ஆயிரத்து நூறுக்கு மேல் என்று சபையில் சொல்கிறார். முன்னிருந்த அரசர்கள் தமக்குப் பின்னால் வருபவர்களுக்காக வெட்டியவை இவை என்றும், கடன்காரர்கள் கையில் நாடு போனால் இவை தூர்ந்துபோகும் என்றும் வாதம்.

பர்க்கை நான் புனிதராக்கவில்லை. அவருக்கும் கட்சி அரசியல் இருந்தது. இந்தியாவைப் பார்க்காமலே பேசியவர்தான். ஆனாலும் லண்டனில் உட்கார்ந்து எங்கள் பக்கத்து ஏரிகளை எண்ணிய ஒரு மனிதரை அலங்கார நடைக்கு உதாரணமாக மட்டும் படித்து மதிப்பெண் வாங்கியது ஏதோ ஒரு விதத்தில் இன்றும் உறுத்துகிறது. இலக்கியக் கல்வி நமக்குச் செய்த காரியங்களில் இதுவும் ஒன்று.

ஆக, சேப்பாக்கம் மாளிகை வீடாக இருந்த காலத்திலேயே ஓர் அலுவலகமாகவும் இருந்தது. கட்டிக்கொடுத்தவரும் கடன் கொடுத்தவரும் ஒரே ஆள் என்னும்போது திவான் கானாவில் நடந்தது தர்பாரா, பாக்கி வசூலா என்று பிரிப்பது கஷ்டம்.

*

முகம்மது அலி 1795-ல் இறந்தார். 1801 ஒப்பந்தத்தில் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. பட்டமும் படிக்காசும் மிஞ்சின. 1855-ல் கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்ததும் பட்டமும் போயிற்று. கடன்களுக்காக மாளிகை ஏலத்துக்கு வந்தது. 1859-ல் சர்க்கார் வாங்கியது. வருவாய் வாரியமும் பொதுப்பணித் துறையும் உள்ளே வந்தன. நவாபின் வெளியில் ஒரு துண்டு, கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்குப் போயிற்று. இன்றைய மைதானம் அதுதான்.

இங்கேதான் விக்டோரியா காலக் கட்டிடக் கலைஞர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் நுழைகிறார். மாநிலக் கல்லூரிக் கட்டிடத்துக்கான போட்டியில் வென்று சென்னைக்கு வந்தவர். 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர், சர்க்கார் கட்டிடங்களுக்கு முஸ்லிம் பாணியே உகந்தது என்று 1870-ல் ஓர் உரையே நிகழ்த்தினார். மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலைப் பழுதுபார்த்துக் கோர்ட்டாக்கும் வேலையையும் அவர் காலத்தில் சிஷோமே பார்த்தார். அரசர்களின் வீடுகளை அலுவலகமாக்குவது ஒரு கொள்கையாகவே இருந்தது என்று கொள்ள இடமுண்டு.

சேப்பாக்கத்தில் சிஷோம் செய்ததைக் கூர்ந்து பார்க்கவேண்டும். தனித்தனியாக நின்ற இரண்டு மஹால்களுக்கும் நடுவே ஓர் உயர்ந்த கோபுரத்தை எழுப்பி இரண்டையும் ஒன்றாக்கினார். கடற்கரைப் பக்கம் அதே சாயலில் புதிய கட்டிடங்களும் முகப்பும் சேர்த்தார். நவாபின் வீடு மதிலுக்குள் தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருந்த வீடு. அலுவலகத்துக்கு அது ஒத்துவராது. மனு கொண்டுவருபவன் கண்ணில் படவேண்டும்; வாசல் எது என்று தெரியவேண்டும்; உள்ளே இருப்பது ஒரே அதிகாரம் என்றும் தெரியவேண்டும். கோபுரமும் முகப்பும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. புதியது எது பழையது எது என்று பார்ப்பவனுக்குத் தெரியாதபடி செய்ததில் சிஷோமின் திறமை இருக்கிறது. புதிய அதிகாரம் பழைய அதிகாரத்தின் இயல்பான தொடர்ச்சி என்று கல்லும் காரையும் சொல்லிவிடுகின்றன. ஏலம் என்ற விஷயம் கட்டிடத்திலிருந்து மறைந்துவிடுகிறது.

இந்தக் கதையில் நாவலாசிரியன் எழுதினால் மிகையென்று தோன்றக்கூடிய ஒரு திருப்பம் உண்டு. நவாபின் வம்சத்தாருக்குப் பிறகு விக்டோரியா ராணியின் பெயரால் ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டம் தரப்பட்டது. குடியிருக்க வீடு வேண்டுமே? ராயப்பேட்டையில் கம்பெனி 1798-ல் அலுவலகத்துக்காகக் கட்டிய ஒரு கட்டிடம் போலீஸ் கோர்ட்டாக இருந்தது. அதை மாளிகையாக மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றியவர் அதே சிஷோம். 1876-ல் குடும்பம் அங்கே குடிபோயிற்று. அதுதான் அமீர் மஹால். வீட்டை அலுவலகமாக்கிய கையே அலுவலகத்தை வீடாக்கியது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி முகம்.

*

அதே 1876-ல் பஞ்சம் தொடங்கிற்று. 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். செங்கல்பட்டு ஜில்லாவும் தப்பவில்லை. எந்தத் தாலுக்காவில் வரி வசூலை நிறுத்துவது, எங்கே நிவாரண வேலை தொடங்குவது என்பவை வருவாய் வாரியத்தின் ஃபைல்கள். சேப்பாக்கத்தில் அந்த ஃபைல்கள் கட்டப்பட்டபோது பக்கத்திலேயே சிஷோமின் செனட் ஹவுஸ் எழுந்துகொண்டிருந்தது. 1874-ல் தொடங்கி 1879-ல் முடிந்தது. மாளிகைக்குப் பின்னால், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாயைப் பஞ்சக் கூலிகள் 1877-78-ல் வெட்டினார்கள். அன்றைய கவர்னர் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. தெற்கே அதே கால்வாய் மாமல்லபுரத்துக்கு மேற்காக ஓடுகிறது. எங்கள் கிளைக்குப் போகும் வழியில் தினமும் அதைத் தாண்டுகிறேன். தண்ணீர் அசைவதே தெரியாது.

கட்டிடக்கலைப் புத்தகங்களில் கால்வாய்க்கு இடமில்லை. எனக்கோ சேப்பாக்கம் மாளிகையின் பின்கட்டு அதுதான் என்று படுகிறது.

*

1786-ல் ஏற்பட்ட வருவாய் வாரியம் தமிழ்நாட்டில் 1980-ல் கலைக்கப்பட்டது. அலுவலகங்கள் பெயர் மாறி நீடித்தன. அறைகளைப் பலகை வைத்துத் தடுத்தார்கள், வளைவுகளை அடைத்தார்கள், மின்கம்பிகள் சுவரெல்லாம் ஓடின. முன்னால் எழிலகம் எழுந்து பழைய கட்டிடத்தை மறைத்தது. 2012 ஜனவரி 16 அதிகாலையில் கலஸ் மஹால் தீப்பிடித்தது. தேக்குக் கூரை எரிந்து உள்ளே விழுந்தது. தீயணைக்கப் போனவர்களில் ஒருவர் உயிரிழந்தார். கட்டிடம் எரிந்த பிறகுதான் அப்படி ஒரு கட்டிடம் இருந்ததே பலருக்குத் தெரிந்தது.

பின்னர் பொதுப்பணித் துறை அதை மீட்டெடுத்தது. சிமெண்டைத் தவிர்த்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புக் கலவை. மறுபடியும் மெட்ராஸ் டெரஸ். மறந்துபோகவிருந்த கொத்து வேலையைத் தேடிப் பிடித்துச் செய்தது பெரிய காரியம். இன்று அங்கே பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. ஏரிகளையும் ஆறுகளையும் பற்றிய வழக்குகள் அந்த வீட்டுக்கு வருகின்றன. பர்க் எண்ணிய ஏரிகளில் மிஞ்சியவை என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு சங்கடம். மீட்டெடுப்பது என்றால் எதை? முகம்மது அலியும் அவர் வழியினரும் அங்கே இருந்தது 1855 வரை, எண்பத்தேழு வருஷம். அலுவலகமாக அது நூற்றறுபது வருஷத்தைத் தாண்டிவிட்டது. வயதுக் கணக்கில் அது வீடாக இருந்ததைவிட அலுவலகமாக இருந்ததே ஏறக்குறைய இரண்டு மடங்கு. இருந்தும் மீட்டவர்கள் சுரண்டி எடுத்தது அலுவலகத்தை, வெளிக்கொண்டுவந்தது நவாபை. குமாஸ்தாக்களின் காலம் அழுக்காகவும் நவாபின் காலம் அழகாகவும் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. தடுப்புப் பலகைகள் போகவேண்டியவைதான். அந்தக் கம்பிகள் மீண்டும் தீக்கு வழி. நான் சொல்வது வேறு. சுத்தமான வளைவுகளுக்குக் கீழே நிற்கும் பார்வையாளன் அங்கே கடன் இருந்ததையும், ஏலம் நடந்ததையும், பஞ்சத்தின்போது வரிக்கணக்கு எழுதியதையும் எப்படி அறிவான்? சிஷோம் காரையால் மறைத்ததை நாம் மறுபடியும் காரையால் மறைத்துவிடுகிறோம், இந்த முறை நல்லெண்ணத்தோடு.

மாமல்லபுரத்தில் மகிஷமர்த்தினி குகைக்கு மேலே பாறை உச்சியில் ஒலக்கணேசுவரர் கோயில் இருக்கிறது. பல்லவர் கட்டியது, மேல்தளம் இல்லை, தெய்வமும் இல்லை. 1887-ல் வெள்ளைக்காரர்கள் அதன் தலையில் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழிகாட்டினார்கள். பக்கத்தில் கல் கோபுரம் கட்டி விளக்கை அங்கே கொண்டுபோனது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். விளக்கு போய் நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஊரில் அதைப் ‘பழைய லைட்ஹவுஸ்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தொல்லியல்காரர்களுக்கு இது தவறாகப் படலாம். எனக்குப் படவில்லை. கட்டியவன் வைத்த பெயரோடு, அது செய்த வேலையின் பெயரையும் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. சேப்பாக்கத்துக்கு வேண்டியதும் இவ்வளவுதான். மீட்ட கூடத்தில் ஒரு சுவரில் நவாபின் கடன் கணக்கு, இன்னொரு சுவரில் பர்னார்டின் ஏரிப் படம், ஒரு மேஜையில் 1877-ம் வருஷத்து வருவாய் ஃபைல் ஒன்று.

எங்கள் கிளையின் குத்தகை அடுத்த வருஷம் முடிகிறது. வீட்டுக்காரர் இடித்துவிட்டு விடுதி கட்டப்போகிறார். சாமான் பட்டியல் எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. போன வாரம் பெட்டக அறையில் அலமாரியை நகர்த்தியபோது பின்சுவரில் வெள்ளை உதிர்ந்திருந்தது. அடியில் காவிக் கோடுகள், ஐந்தைந்தாக, வரிசை வரிசையாக. நெல் அளந்த கணக்கு. சில வரிசைகளுக்கு எதிரே ஆள் பெயர்கள். சிலவற்றை அடித்திருக்கிறார்கள், சிலவற்றை அடிக்கவில்லை. பட்டியல் படிவத்தில் இதற்கு ஒரு கலம் இல்லை. ‘இதர இனங்கள்’ என்பதில் எழுதி வைத்திருக்கிறேன்.